தெற்கே பார்க்காத டப்பா: கொழிஞ்சாம்பாறையில் எடுத்த ஆறு மாத வெயில் படம்

சோலார்கிராபி செய்முறை எதைப் படித்தாலும் ஆரம்பத்திலேயே ‘டப்பாவைத் தெற்கு நோக்கிக் கட்டுங்கள்’ என்று இருக்கும். எழுதியவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, போலந்து, பின்லாந்துக்காரர்கள். அவர்கள் ஊருக்கு அது சரி. பாலக்காட்டுக் கணவாயில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் உட்கார்ந்துகொண்டு நாமும் அதையே செய்தால், ஆறு மாதம் கழித்து நெல்லியாம்பதி மலை பிரமாதமாக விழுந்திருக்கும். சூரியன்தான் இருக்காது.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. சோலார்கிராபி என்றால் லென்ஸ் இல்லாத ஊசித்துளை கேமராவுக்குள் கறுப்பு வெள்ளை போட்டோ பேப்பரை வைத்து, வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் வெளியே விட்டுவிடுவது. ஷட்டர் கிடையாது, டெவலப்பர் கிடையாது. பேப்பரில் உள்ள சில்வர் உப்பு வெயில் பட்டுப் பட்டுத் தானாகவே கறுக்கும். சூரியன் தினமும் வானத்தில் போகும் பாதை ஒவ்வொரு கோடாகப் பதியும். நடந்து போகிற ஆள், மாடு, லாரி எதுவும் பதியாது. அசையாமல் நிற்பதும் சூரியனும் மட்டும்தான் மிஞ்சும். இங்கிலாந்தில் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக வானாய்வகத்தில் ரெஜினா வால்கன்பர்க் என்ற மாணவி 2012-ல் வைத்த பீர் டின் ஒன்று மறந்துபோய், 2020-ல் எடுத்துப் பார்த்தபோது எட்டு வருடத்துச் சூரியப் பாதைகள் அதில் இருந்தன. எண்ணிப் பார்த்ததில் 2,953 கோடுகள். இதைவிட நீண்ட எக்ஸ்போஷர் கொண்ட படம் அதுவரை அறியப்படவில்லை.

எனக்கு எட்டு வருடப் பொறுமையெல்லாம் கிடையாது. டிசம்பர் 21-ஐ ஒட்டி வைத்து ஜூன் 21-ஐ ஒட்டி எடுத்தால் போதும். அந்த ஆறு மாதத்தில் சூரியன் தென்கோடியிலிருந்து வடகோடி வரை போய்விடும். மீதி ஆறு மாதம் அதே வழியில் திரும்பி வருவதுதான்.

இப்போது திசைக் கணக்கு. இந்தப் பதிவின் சாரமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

லண்டனில் டிசம்பர் நடுப்பகலில்கூடச் சூரியன் தெற்கே 15 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜூனில் 62 டிகிரி. அதாவது வருடம் முழுவதும் நடுப்பகல் சூரியன் தெற்கு வானத்தில்தான். டப்பாவைத் தெற்கே காட்டி லேசாக மேலே சாய்த்தால் எல்லாம் உள்ளே வந்துவிடும். கொழிஞ்சாம்பாறை ஏறக்குறைய 10.7 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே டிசம்பர் நடுப்பகலிலேயே சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். சித்திரை பிறந்து நாலைந்து நாளில் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அப்புறம் ஆகஸ்ட் கடைசி வாரம் வரை, நடுப்பகலில் நமக்கு வடக்கேதான் இருக்கும். ஜூன் 21 அன்று உச்சியிலிருந்து 13 டிகிரி வடக்கே.

சாதாரண குளிர்பான டின் 66 மில்லிமீட்டர் அகலம், 115 மில்லிமீட்டர் உயரம். நடுவில் துளை போட்டு நிமிர்த்தி வைத்தால், நேர் எதிரே மேலும் கீழும் 41 டிகிரிதான் பார்க்கும். 56 டிகிரியில் தொடங்குகிற சூரியன் அதற்குள் எப்படி வரும்?

பார்த்தே விடலாம் என்று ஒரு டின்னைச் செய்முறையில் சொன்னபடியே தெற்கே கட்டினேன். இன்னொன்றை மேற்கே பார்த்துக் கட்டினேன். மூன்றாவதுதான் நான் சொல்ல வந்தது. குழாய் ஒன்றைப் படுக்கப் போட்டு, துளையை நேரே வானத்தைப் பார்க்க வைத்தது.

முதலில் பேப்பர். புதிதாக வாங்கினால் இல்ஃபோர்ட் பேப்பர் கிடைக்கும், விலை அதிகம். இந்த வேலைக்குப் புதுப் பேப்பர் தேவையே இல்லை. டெவலப் செய்தால்தான் பழைய பேப்பரின் புகைமூட்டம் தெரியும். நாம் டெவலப் செய்யப் போவதில்லை. பக்கத்துச் சித்தூரில் முன்பு ஸ்டூடியோ நடத்திய அண்ணன் ஒருவர் வீட்டுப் பரணில் கறுப்புக் கவரோடு ஒரு கட்டு 5×7 அங்குலப் பேப்பர் இருந்தது. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ பேப்பர். 1960-ல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம் அது, இப்போது இயங்கவில்லை. நம் பக்கத்து ஸ்டூடியோக்களில் ஒரு காலத்தில் கல்யாணப் படம் முதல் பாஸ்போர்ட் படம் வரை அந்தப் பேப்பரில்தான் வெளியே வந்தது. “இதுல ஒண்ணும் விழாது தம்பி, எப்பவோ செத்துப்போன பேப்பர்” என்றார் அண்ணன். வெயிலில் ஒரு துண்டை வைத்துக் காட்டினேன். சில நிமிடங்களில் ஊதா கலந்த பழுப்பாக மாறியது. “அட” என்று கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டார்.

பழைய ஸ்டூடியோக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வீட்டுப் பரண்களில் இப்படி ஒரு கட்டு கிடக்கும். காசு வாங்க மாட்டார்கள், ஆனால் படத்தைக் கொண்டுவந்து காட்டச் சொல்வார்கள்.

அடுத்தது துளை. இதில் அவசரப்பட்டால் மீதி எல்லாம் வீண். துளைக்கும் பேப்பருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்துத் துளையின் அளவு மாறும். தூரத்தையும் ஒளியின் அலைநீளத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9-ஆல் பெருக்கினால் வருவதுதான் நல்ல அளவு. அலைநீளத்துக்கு 0.00055 என்று வைத்துக்கொள்ளலாம். 66 மில்லிமீட்டர் டின்னுக்கு 0.36 வருகிறது. 70 மில்லிமீட்டர் குழாய்க்கு 0.37. இரண்டுக்கும் ஒரே ஊசி போதும்.

குளிர்பான டின் தகட்டிலிருந்து ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வெட்டி, பழைய காலண்டர் அட்டைமேல் வைத்து, மெல்லிய தையல் ஊசி நுனியால் லேசாக அழுத்தினேன். குத்தித் துளைக்கக் கூடாது. பின்பக்கம் ஒரு பொட்டு எழும்பும். அதை நைஸ் உப்புத்தாளில், 400-க்கு மேற்பட்ட நம்பரில், தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மறுபடி ஊசி, மறுபடி உப்புத்தாள். பொட்டு தேய்ந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் துளை திறக்கும். அப்போது ஊசி நுனியைச் சுழற்றி ஓரத்தைச் சுத்தம் செய்யலாம். அளப்பதற்கு ஸ்கேனர்தான் வழி. 2400 டிபிஐ-யில் தகட்டை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால், 0.37 மில்லிமீட்டர் என்பது 35 பிக்சல் அகலம். பிசிறு இருக்கிறதா, வட்டமாக இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

துளை படம் எடுக்கும் என்பதை நம்பாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2019 டிசம்பர் 26 காலை கோவைப் பக்கம் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. அன்று மரத்தடியில் நின்றவர்கள் தரையைப் பார்த்திருப்பார்கள். இலைகளுக்கு நடுவே விழுந்த ஒவ்வொரு வெளிச்சப் பொட்டும் வளையமாக இருந்தது. இலை இடுக்குகள்தான் அங்கே ஊசித்துளை. மற்ற நாட்களில் அந்தப் பொட்டுகள் வட்டமாக இருப்பதற்குக் காரணமும் அதுவே, அவை சூரியனின் படங்கள்.

தெற்கு, மேற்கு இரண்டுக்கும் குளிர்பான டின். மேல் மூடியைக் கத்தியால் வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் மழுக்கினேன். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி விரலைக் கிழிக்கும், ஜாக்கிரதை. டின்னின் உள்சுற்றளவு ஏறக்குறைய 207 மில்லிமீட்டர், 7 அங்குலப் பேப்பர் 178. மிச்சமிருக்கும் 3 சென்டிமீட்டர் இடைவெளியில் துளை வரும்படி பேப்பரைச் சுருட்டி உள்ளே விட்டால் தானாகவே விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். உயரத்தில் மட்டும் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்ட வேண்டியிருக்கும். வழவழப்பான பக்கம் துளையைப் பார்க்க வேண்டும். இருட்டறை இல்லாவிட்டால் ராத்திரி ஜன்னலைச் சாத்திவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் எரிகிற சிவப்பு சீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் செய்யலாம். கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் ஆறு மாத வெயிலுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

வானத்தைப் பார்க்கும் கேமராவுக்கு டின் சரிப்படாது. மேலே ஒரு தேங்காய் மட்டை விழுந்தால் போச்சு. பிளம்பிங் கடையில் 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும், இரண்டு பக்கத்துக்கும் எண்டு கேப்பும் வாங்கினேன். பிவிசி சுவர் வழியாக வெளிச்சம் கசியும், அதனால் உள்ளே மேட் கறுப்பு, வெளியே இரண்டு கோட் கறுப்புப் பெயிண்ட். குழாயின் நடுவில் 12 மில்லிமீட்டர் துளை போட்டு, ஓரத்தை அரத்தால் உட்பக்கம் சாய்த்து ராவினேன். சுவர் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் இருப்பதால், துளை சின்னதாக இருந்தால் சுவரே பக்கவாட்டுப் பார்வையை மறைத்துவிடும். அதன்மேல் ஊசித்துளைத் தகட்டை ஒட்டினேன். தகட்டுக்கு மேல், மழைக்காக, பள்ளிக்கூட ஆய்வகத்தில் வைத்திருப்பார்களே அந்த மைக்ரோஸ்கோப் ஸ்லைடு கண்ணாடி. சுற்றி சிலிகான்.

இந்தக் குழாயைப் படுக்கப் போட்டு, நீளவாக்கு சரியாக வடக்கு தெற்காக இருக்கும்படி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் வேடிக்கை. குழாயின் வளைவு கிழக்கு மேற்காக அமைகிறது. சூரியனும் கிழக்கு மேற்காகத்தான் போகிறது. அதனால் ஒரு நாள் முழுப் பாதையும் வளைவிலேயே விழும். பேப்பர் சுற்றியிருக்கும் அளவைப் பார்த்தால் 145 டிகிரி வரை பார்வை இருக்கிறது. காலையில் சூரியன் எழுந்து ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனதும் உள்ளே வந்து, சாயங்காலம் மறைவதற்கு அதே அளவு நேரம் இருக்கும்போதுதான் வெளியே போகும். குழாயின் நீளவாக்கில் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் 41, 42 டிகிரி பார்க்கும். நமக்கு வேண்டியது தெற்கே 34 டிகிரி, வடக்கே 13 டிகிரி. இரண்டும் அடக்கம். லண்டன்காரர் இதைச் செய்தால் டிசம்பர் மாதம் முழுக்கக் கைவிட்டுப் போகும். நமக்காகவே அமைந்த ஏற்பாடு இது.

வடக்கு தெற்கைப் போன் காம்பஸை நம்பிக் குறிக்கவில்லை. மொட்டைமாடிக் கம்பியும் தண்ணீர் டேங்க் கிளாம்ப்பும் அதைக் குழப்பிவிடும். நூல்குண்டைத் தொங்கவிட்டு அதன் நிழலைக் குறித்தேன். சூரியன் உச்சியைக் கடக்கும் நேரம் கடிகாரப் பன்னிரண்டு இல்லை. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது, நாம் 77-க்கும் கொஞ்சம் மேற்கே இருக்கிறோம். அதனால் டிசம்பர் கடைசியில் நம் நடுப்பகல் 12:20-ஐத் தாண்டித்தான் வருகிறது. அந்த நேரத்து நிழல்தான் வடக்கு தெற்குக் கோடு. சாக்பீஸால் கோடு போட்டு, குழாயை அதன்மேல் வைத்து, ரசமட்டம் பார்த்து, இரண்டு செங்கல்லுக்கு நடுவில் சிமெண்டு கலவையில் உட்கார வைத்தேன். வீட்டில் “மொட்டைமாடியில எதுக்கு இது சமாதி மாதிரி?” என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை.

இது காற்று ஊர். கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றும், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைச் சமயத்தில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் தெரியாதவர்கள் கஞ்சிக்கோட்டில் காற்றாலைகள் எதற்கு நிற்கின்றன என்று யோசித்துப் பார்க்கலாம். டின்னைத் தென்னையிலோ கமுகிலோ கட்டினால் மரம் ஆடும், கோடெல்லாம் தடித்துப்போகும். தோட்டத்து மோட்டார் ரூம் பக்கத்தில் இருந்த கல்தூணில்தான் இரண்டு டின்னையும் கட்டினேன். வெள்ளை கேபிள் டை வெயிலில் நொறுங்கும். கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டேன், சென்ட்ரிங் வேலைக்காரர்கள் வைத்திருப்பார்களே அதேதான்.

டேப் விஷயமும் அப்படித்தான். எல்லாச் செய்முறையிலும் கறுப்பு எலெக்ட்ரிக்கல் டேப் என்று இருக்கும். பாலக்காட்டு மாசி, பங்குனி வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் அதன் பசை இளகி, டேப் தானாக வழுக்கிக்கொண்டு வரும். மூடியை எம்-சீல் வைத்து அடைத்து, அதன்மேல் ஏசி மெக்கானிக்குகள் பயன்படுத்தும் அலுமினிய டேப் சுற்றினேன். அசையவில்லை.

தூணைக் கடந்து போகிற எல்லோரும் கேட்டார்கள். டேப் சுற்றிய டப்பாவை யார் பார்த்தாலும் சந்தேகம் வரத்தான் செய்யும், அதுவும் செக்போஸ்ட் பக்கத்து ஊரில். கரண்ட் கம்பம், பாலம், ரயில்வே நிலம் பக்கம் போகவே போகாதீர்கள். சொந்த இடம், அல்லது கேட்டு வாங்கிய இடம். தமிழிலும் மலையாளத்திலும் ‘ஊசித்துளை கேமரா, ஜூன் வரை தொட வேண்டாம்’ என்று எழுதி, போன் நம்பரோடு ஒட்டிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து மாமா மட்டும் எழுதியதைப் படித்த பிறகும் விடவில்லை.

“ஏங்கண்ணு, கேமரான்னு எழுதியிருக்கே, கண்ணாடி எங்க?”

“கண்ணாடி இல்லீங் மாமா, ஓட்டைதான்.”

“ஓட்டை வழியா என்ன புடிக்குது?”

“வெயிலைத்தானுங்க.”

“அதைத்தான் நாங்க தலைமுறை தலைமுறையா சும்மாவே புடிச்சிட்டிருக்கோமே” என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடப் போனார்.

இடையில் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான், குளவி. துளைக்கு மேல் டேப்பில் இருக்கிற சின்னக் குழிவு அதற்கு வசதியான இடம். மண் கொண்டுவந்து பூசிவிடும். பங்குனியில் மேற்கு டின்னின் துளை பாதி மூடியிருந்தது. ஈரமான பஞ்சை இயர் பட்ஸில் வைத்து, துளைக்குள் போகாமல், மண்ணை மட்டும் துடைத்தெடுத்தேன். வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும். மொட்டைமாடிக் குழாயின் கண்ணாடியிலும் பறவை எச்சமும் புழுதியும் படியும், தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும்.

சித்திரை ஐந்தாம் தேதி வாக்கில் நூல்குண்டை மறுபடி தொங்கவிட்டேன். 12:22-க்கு நிழல் குண்டுக்கு நேர் கீழே அடங்கிப்போனது. குழாய் மட்டம் பிசகாமல் இருக்கிறதா என்று சரிபார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. குண்டையும் குழாயின் துளையையும் ஒரே கோட்டில் பிடித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

ஜூன் முதல் வாரமே மழை இறங்கிவிடும், அதற்குப் பிறகு 21 வரை கோடு விழுவது அதிர்ஷ்டம்தான். மழை ஓய்ந்த ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் இறக்கினேன்.

திறந்ததும் கண்ணால் பார்ப்பது நெகட்டிவ். சூரியன் போன இடம் கரும்பழுப்பாக, நிலம் வெளிறிய ரோஸ் நிறத்தில் இருக்கும். இதை டெவலப்பரில் போட்டால் முழுக்கக் கறுத்துவிடும். படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ கரைசலில் போட்டாலும் படம் வெளுத்துப்போகும். ஒரே வழி, மங்கல் வெளிச்சத்தில் நேரே ஸ்கேனருக்குக் கொண்டுபோவது. ஸ்கேனர் விளக்கும் பேப்பரைக் கொஞ்சம் கறுக்க வைக்கும் என்பதால் பிரிவியூ பார்க்காமல், அளவை 5×7 என்று முன்பே கொடுத்து, கலரில், 600 டிபிஐ-யில் ஒரே தடவை. பிறகு கம்ப்யூட்டரில் ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் போட்டு நிறத்தைத் தலைகீழாக்கி, மேல் கீழாக ஒரு முறை புரட்டினால் சரியான படம் வரும். வெறுமனே சுற்றித் திருப்பினால் கிழக்கு மேற்கு மாறிவிடும். கலரில் ஸ்கேன் செய்யக் காரணம், பேப்பரும் ஈரமும் சேர்ந்து தருகிற அந்த நீலமும் ஆரஞ்சும். நிஜ வானத்தின் நிறம் இல்லை அது, ஆனால் கறுப்பு வெள்ளைப் பேப்பரில் அது வருவது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

தெற்கு டின் கணக்குப் போட்டபடியே இருந்தது. நெல்லியாம்பதி மலைவரிசை கத்தி வைத்து வெட்டியதுபோலக் கூர்மை. இடது ஓரத்தில் கொஞ்சம், வலது ஓரத்தில் கொஞ்சம், குளிர்மாதத்துக் கோடுகள் செங்குத்தாக ஏறி மேலே காணாமல் போகின்றன. நடுவில் வெறும் வானம். மலைக்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

மேற்கு டின் அழகு. வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற வில் வளைவு இதில் கிடையாது. நம் ஊரில் சூரியன் ஏறக்குறைய நேராக இறங்குகிறது, செங்குத்திலிருந்து 11 டிகிரிதான் சாய்வு. அதனால் கோடுகள் தறியில் கட்டிய பாவு நூல் மாதிரி வரிசையாக நிற்கின்றன. இடது கோடியில் டிசம்பர், வலது கோடியில் மே கடைசி. இரண்டு கோடிக்கும் நடுவே தொடுவானத்தில் ஏறக்குறைய 46 டிகிரி. அந்தத் தூரத்தில் எத்தனை பனைமரம் நிற்கிறதோ அத்தனையின் பின்னாலும் ஏதோ ஒரு மாதம் சூரியன் இறங்கியிருக்கிறது. கிழக்கு எல்லைப் பக்கத்து வயல்வரப்புப் பனைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கேமரா இல்லை என்பது என் கருத்து. குளவி மூடிய வாரம் மட்டும் ஒரு மெல்லிய மங்கல்.

வானக் குழாய்ப் பேப்பரை விரித்தால் ஓரத்தில் தென்னை ஓலை நுனிகளைத் தவிர ஊர் என்று எதுவும் இல்லை, வெறும் பாதைகள். நடுவிலிருந்து 47 மில்லிமீட்டர் தள்ளி டிசம்பர். அங்கே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒரே பட்டையாகத் தெரிகின்றன, ஏனென்றால் அந்த நாட்களில் சூரியன் நகர்வதே தெரியாது. பங்குனியில்தான் வேகம் அதிகம், ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பேப்பரில் தள்ளிப் போகிறது. சூரியனின் உருவமே அதைவிட அகலம். எனவே வெயில் தொடர்ந்து அடித்தால் கோடுகளுக்கு நடுவே இடைவெளி தெரியாது. இடைவெளி தெரிந்தால் அது மேகம் மூடிய நாள். ஒரு கோடு பாதியில் நின்றால் மத்தியானத்துக்கு மேல் வானம் மூடிக்கொண்டது என்று அர்த்தம்.

பிரிண்ட் போட்டு மாமாவிடம் காட்டினேன். எது டிசம்பர், எது விஷு என்று மட்டும் சொன்னேன். பிரிண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, விஷுவுக்கு அடுத்திருந்த கறுப்பு இடைவெளியில் விரலை வைத்தார். “இது கோடை மழை பேஞ்சது. அன்னிக்குத்தான் நான் எள்ளு காயப்போட்டு நனைஞ்சுது. இதா, இதுக்கு அடுத்தது ரெண்டு நாள் சும்மா மூடிட்டு மட்டும் இருந்துது, பேயல.” அடுத்து மாசி மாதத்தில் இடைவெளியே இல்லாத பட்டையைக் காட்டி, “இங்க ஒரு பொட்டு மழை இல்லை, மூலத்தறை அணையில இருந்து தண்ணி எப்ப வரும்னு பாத்துட்டு இருந்தோம்” என்றார். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் கேரளத்தில் இருந்தாலும் மழை குறைந்த பகுதி. படத்தில் அது அப்படியே இருக்கிறது. எனக்குக் கோடாகத் தெரிந்தது அவருக்குக் கணக்கு நோட்டாகத் தெரிந்தது. சித்தூர் ஸ்டூடியோ அண்ணனோ படத்தைப் பார்க்கவே இல்லை, பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செத்துப்போச்சுன்னு நெனச்சேன்” என்று மறுபடி மறுபடி சொன்னார். மிச்சமிருந்த கட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார், அவரும் ஒன்று வைக்கப் போகிறாராம்.

ஆறு மாதம் காத்திருக்கப் பிடிக்காதவர்கள் ஏப்ரல் கடைசி ஞாயிறு அன்று தொடங்கலாம். அன்று உலக ஊசித்துளைப் புகைப்பட நாள், 2001 முதல் நடக்கிறது. அன்றைக்கு உலகத்தில் எங்கே இருந்தாலும் ஊசித்துளையில் ஒரு படம் எடுத்துச் சேர்த்துவிடுவார்கள். இதே டின்னில் பேப்பரை வைத்து, வெயிலில் சில நிமிடம் திறந்து மூடி, டெவலப் செய்தால் சாதாரண நெகட்டிவே வரும். பழைய பேப்பர் அதற்கு ஆகாது, அங்கே நல்ல பேப்பர் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு அதுதான் வசதி, உட்கார்ந்த இடத்திலேயே படம் தெரிந்துவிடும்.

வரும் டிசம்பருக்குச் செங்கோட்டையில் ஒரு நண்பரும் பழவேற்காட்டில் ஒருவரும் குழாய் வைக்கிறார்கள். என் குழாயையும் சேர்த்து மூன்றிலும் ஒரே கட்டிலிருந்து எடுத்த பேப்பர். செங்கோட்டை 9 டிகிரியில் இருப்பதால் அங்கே சூரியன் சித்திரை பிறப்பதற்கு முந்தைய நாளை ஒட்டியே உச்சிக்கு வந்துவிடும். பழவேற்காட்டில் ஏப்ரல் 26 வாக்கில். அவர்கள் இருவரையும் ஜூனில் எடுத்துவிட்டு உடனே இன்னொரு பேப்பர் போட்டு டிசம்பர் வரை விடச் சொல்லியிருக்கிறேன். செங்கோட்டைக்குச் சாரல் ஜூன், ஜூலையில். பழவேற்காட்டுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். ஒரே வானத்தின் எந்தப் பகுதி எந்த ஊரில் அழிந்துபோகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பழவேற்காட்டுக்காரருக்கு மட்டும் செய்முறையில் ஒரு மாற்றம். ஏரிக்கரை உப்புக் காற்றில் கட்டுக்கம்பி டிசம்பர் வரை தாங்காது, அலுமினியத் தகடும் பூத்துவிடும். ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் போட்டு, ஊசித்துளைத் தகட்டைப் பித்தளையில் செய்யச் சொல்லியிருக்கிறேன். பித்தளையில் ஊசி இறங்க நேரம் ஆகும், உப்புத்தாள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளவும்.